மாடி வீடும் சிங்கப்பூர் டாலரும்

“தம்பி, அவன் பண்ணுனது சிங்கப்பூர்ல. செயில்ல கெடந்ததும் அங்கனதான். எங்க வீட்டுக் கதவுல மெட்ராஸ் ஆபீஸ்காரங்க எப்படி நோட்டீஸ் ஒட்டுனாங்க?”

2019-இல் என் அறையில் உட்கார்ந்து அந்த அம்மா கேட்டது இது. சிவகங்கைப் பக்கத்துக்காரர். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். மஞ்சள் பையிலிருந்து வீட்டு வரி ரசீது, கணவரின் பென்ஷன் புத்தகம், மின்கட்டண அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். கடைசியில் வந்தது அமலாக்கத்துறையின் தற்காலிக முடக்க உத்தரவு. கதவிலிருந்து பிய்த்தெடுத்ததில் பசை காய்ந்த மூலையில் பச்சை பெயின்ட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவர் பேச்சுவழக்கில் கேட்ட அதே கேள்வியைச் சட்டப் பாஷையில் பல பக்கம் டைப் செய்து, நான் பல தடவை தோற்றிருக்கிறேன். அதனால் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. “விசாரிப்போம்மா” என்றேன். வக்கீலுக்குப் பதில் தெரியாதபோது சொல்கிற வார்த்தை அது.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே ஊர், உறவு, தொகை ஆகியவற்றைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். சட்டத்தை மாற்றவில்லை.

1994-இல் நான் கறுப்புக் கோட்டு மாட்டியபோது என் சீனியரின் வேலை பெரும்பாலும் எழும்பூர் பொருளாதாரக் குற்ற நீதிமன்றத்தில். ஃபெரா என்ற பழைய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் காலம் அது. பர்மா பஜார், மண்ணடி லாட்ஜ் அறைகள், பெட்டியின் அடித்தட்டில் டாலர் கட்டு வைத்து வந்து மாட்டிக்கொள்ளும் குருவிகள். குற்றம் மீனம்பாக்கத்துக் கஸ்டம்ஸ் மேசையிலேயே கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும். எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்று யாரும் வாய் திறந்ததில்லை. 2000 ஜூன் 1-இல் ஃபெமா வந்து அந்நியச் செலாவணி மீறலைச் சிவில் விவகாரமாக்கியது. பழைய ஃபெரா குற்றங்களைக் கோப்பில் எடுக்க 2002 மே 31 வரைதான் கெடு. அந்த மே மாதம் கட்டுக் கட்டாகப் புகார்கள் வந்து இறங்கின. நம்பர் போட்டே பென்ச் கிளார்க்கின் விரல் வீங்கியிருக்கும்.

அந்த நாள்களில் சீனியர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. கதை என்றாலும் 1957-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது: முபாரக் அலி அகமது எதிர் பம்பாய் அரசு. கோவாவில் அரிசித் தட்டுப்பாடு. அங்கிருந்த வியாபாரி ஒருவர் அரிசி வாங்க அலைகிறார். கராச்சியில் இருக்கும் முபாரக் அலி கடிதம் எழுதுகிறார், தந்தி அடிக்கிறார், தொலைபேசியில் பேசுகிறார். அரிசி கப்பலேறத் தயார் என்கிறார். பம்பாயில் பணம் கைமாறுகிறது. அரிசி வரவேயில்லை. பிறகு வேறொரு வழக்குக்காக இங்கிலாந்திலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட முபாரக் அலி, “நான் பாகிஸ்தான் குடிமகன், அந்த நாள்களில் கராச்சியை விட்டு நகரவே இல்லை, பம்பாய்க் கோர்ட் என்னை எப்படி விசாரிக்கும்?” என்று வாதாடினார். ஆள் வராவிட்டால் என்ன, அவர் வார்த்தை பம்பாய்க்கு வந்து அங்கேதானே ஏமாற்றியது, பணமும் அங்கேதானே போனது என்றது உச்ச நீதிமன்றம்.

“ஆளு எங்க நின்னான்னு தேடாத. காரியம் எங்க பலிச்சுதுன்னு தேடு” என்பார் சீனியர். கேட்டுக்கொண்டேன். புத்தியில் ஏற இன்னும் பத்து வருஷம் ஆனது.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-இல் நிறைவேறி, 2005 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. பி.எம்.எல்.ஏ. என்றால்தான் இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தில் நான் முதலில் எடுத்துக்கொண்ட வெளிநாட்டு வழக்கில் பிரமாதமாகத் தயாரானதாக நினைப்பு. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவுதான் என் பிரம்மாஸ்திரம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் குற்றம் செய்தால் அவனை இங்கே விசாரிக்கலாம், ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அனுமதி இல்லை, ஆகவே வழக்கே இல்லை. கூடவே இன்னொன்று: இந்திய தண்டனைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு தன் கை வெளிநாட்டிலும் நீளும் என்று வெளிப்படையாகச் சொன்னது; ஊழல் தடுப்புச் சட்டமும் சொல்கிறது; பி.எம்.எல்.ஏ.வின் முதல் பிரிவோ ‘இந்தியா முழுவதும்’ என்பதோடு நின்றுவிடுகிறது. நாற்பது நிமிடம் பேசினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எல்லாம் சரி. பணம் இப்ப எங்க இருக்கு?”

“சென்னையில ஒரு ஃபிளாட்டா இருக்கு, மைலார்ட்.”

“அப்ப எதுக்கு அனுமதி?”

அவ்வளவுதான். மனு தள்ளுபடி. குமாஸ்தா கட்டைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்த வேகத்திலேயே அவர் என்ன நினைத்தார் என்று தெரிந்தது.

நான் கோட்டை விட்டது இதுதான். 1993-இல் அஜய் அகர்வால் வழக்கிலேயே, துபாயில் இருந்துகொண்டு சண்டிகரில் ஒரு வங்கியை ஏமாற்றச் சதி செய்ததாகச் சொல்லப்பட்டவர் விஷயத்தில், குற்றத்தின் ஒரு பகுதி இந்தியாவில் நடந்தாலே 188 அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. பி.எம்.எல்.ஏ.வின் 3-ஆம் பிரிவு குற்றம் என்று சொல்வதோ திருடியதை அன்று. திருடிய பணத்தை மறைப்பது, வைத்திருப்பது, வாங்குவது, பயன்படுத்துவது, நல்ல பணம் என்று காட்டுவது, அப்படி உரிமை கொண்டாடுவது ஆகிய ஆறில் எது நடந்தாலும் போதும். மயிலாப்பூரில் ஃபிளாட்டை வைத்திருப்பவன் மயிலாப்பூரில் குற்றம் செய்துகொண்டிருக்கிறான். மூலக் குற்றம் மொரீஷியஸில் நடந்திருந்தாலும் கணக்கு இதுதான். 2019-இல் வந்த விளக்கம் இதை இன்னும் இறுக்கியது: பணம் அவன் கையில் இருக்கும்வரை குற்றமும் தொடர்கிறது.

சரி, வெளிநாட்டில் நடந்த மூலக் குற்றத்தை இந்தியச் சட்டம் எந்தக் கதவு வழியாக உள்ளே விடுகிறது? 2009 திருத்தம்தான் அந்தக் கதவு. நிதி நடவடிக்கைப் பணிக்குழுவில் இந்தியா உறுப்பினராக முயன்றுகொண்டிருந்த சமயம். 2010-இல் உறுப்பினரும் ஆனது. ‘எல்லை தாண்டிய விளைவுள்ள குற்றம்’ என்று ஒரு புதுச் சொற்றொடர் 2-ஆம் பிரிவுக்குள் ஏறியது. அதற்கு இரண்டு திசை. வெளிநாட்டில் ஒருவன் செய்த காரியம் அந்த நாட்டிலும் குற்றமாக இருந்து, இங்கே செய்திருந்தால் பி.எம்.எல்.ஏ.வின் அட்டவணையில் உள்ள குற்றமாகியிருக்கும் என்றால், அந்தப் பணத்தை அல்லது அதில் ஒரு பங்கை இந்தியாவுக்கு அவன் மாற்றினால் ஒரு திசை. இங்கே குற்றம் செய்து பணத்தை வெளியே அனுப்பினால், அல்லது அனுப்ப முயன்றால், மறு திசை.

அட்டவணையில் இதற்கென்று ‘சி’ பகுதி என ஒன்று இருக்கிறது. அங்கேதான் வேடிக்கை. ‘ஏ’ பகுதியில் ஏமாற்றுதல் உண்டு, ஆள்கடத்தல் உண்டு, கொள்ளை உண்டு. வேலைக்காரன் முதலாளியின் பணத்தைக் கையாடும் நம்பிக்கை மோசடி, அதாவது தண்டனைச் சட்டத்தின் 408, அதில் இல்லை. சாதாரணத் திருட்டும் இல்லை. ஆனால் ‘சி’ பகுதி, எல்லை தாண்டிய குற்றம் என்றால் சொத்துக்கு எதிரான பதினேழாம் அத்தியாயம் முழுவதையும் அப்படியே அள்ளிக்கொள்கிறது. பாரிமுனைக் கடை ஒன்றின் கணக்கர் கல்லாவில் கைவைத்து வீடு கட்டினால், அந்த ஒரு பிரிவை வைத்துக்கொண்டு அமலாக்கத்துறை வர முடியாது. அதே ஆள் சிங்கப்பூரில் கைவைத்துச் சிவகங்கையில் கட்டினால் வரலாம். கடல் கடந்தால் பாவம் கூடும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னது வேறு காரணத்துக்காக.

நம் அம்மாவின் மகன் விஷயம் சரியாக இதுதான். சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 2012 முதல் 2014 வரை போலி சப்ளையர் பில் போட்டுப் பணம் எடுத்தார். மொத்தம் சுமார் 2,80,000 சிங்கப்பூர் டாலர். அன்றைய மதிப்பில் 1.3 கோடி ரூபாய்க்குப் பக்கம். மாட்டிக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அங்கேயே தண்டனையை அனுபவித்துவிட்டு 2018-இல் ஊர் வந்து சேர்ந்தார். தீர்ப்பில் இருந்த பிரிவு 408. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 408. நமக்கும் 408. எண்கூட மாறவில்லை. 1860-இன் நம் தண்டனைச் சட்டத்தைப் பார்த்துத்தான் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்தை வெள்ளைக்காரன் எழுதினான்; இன்றைய சிங்கப்பூர்ச் சட்டம் அதன் வாரிசு. ‘அங்கேயும் குற்றம், இங்கேயும் குற்றம்’ என்ற இரட்டைச் சோதனையில் வேறு நாடு என்றால் அந்நியச் சட்டத்துக்கு நிபுணர் சாட்சி கொண்டுவந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். இங்கே அரசுத் தரப்பு வக்கீல் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். 2024 ஜூலை முதல் நம் பக்கம் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-க்குப் போய்விட்டது. அண்ணன் தம்பிக்கு இனிஷியல் மாறியது போல.

நான் சும்மா இருக்கவில்லை. ‘சி’ பகுதிக் குற்றம் எது என்று தெரிந்துகொள்ள 2-ஆம் பிரிவுக்குப் போகச் சொல்கிறது அட்டவணை. அந்தப் பிரிவு ‘ஏ, பி, அல்லது சி பகுதியில் உள்ள குற்றம்’ என்று திரும்ப அட்டவணைக்கே அனுப்புகிறது. கிழவியைக் கேட்டால் குமரியைக் கேள் என்கிறாள், குமரியைக் கேட்டால் கிழவியைக் கேள் என்கிறாள். இப்படி வட்டமடிக்கும் வரையறையில் ஒருவனைச் சிறையில் தள்ளலாமா என்று கேட்டேன். நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பாராளுமன்றத்தின் எண்ணம் தெளிவாக இருக்கிறது என்று விசாரணை நீதிமன்றம் ஒரே பத்தியில் கடந்துவிட்டது. இந்தியாவில் முதல் தகவல் அறிக்கையே இல்லையே என்றேன். சிங்கப்பூர்த் தீர்ப்பே இருக்கிறதே என்றார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்றேன். கையாடல் வேறு, அந்தப் பணத்தில் வீடு கட்டுவது வேறு என்றார்கள். அந்தக் கடைசிப் பதிலை எதிர்பார்த்தே கேட்டேன். கட்சிக்காரர் பக்கத்தில் நிற்கிறபோது சில கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதற்குப் பிறகுதான் எல்லை வாதத்தை வேறு விதமாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

பணம் இங்கே மூன்று வழியில் வந்திருந்தது. ஒரு பகுதி வங்கி வழியாக அம்மாவின் கணக்குக்கு. ஒரு பகுதி, விடுமுறைக்கு வந்த சக ஊழியர்கள் கையில் நகையாக. மீதி ‘உண்டியல்’ வழியாக. ஹவாலா என்று பத்திரிகைகள் எழுதுவதைச் சிங்கப்பூர், மலேசியாவில் பிழைக்கும் நம் ஆட்கள் உண்டியல் என்றுதான் சொல்வார்கள். ‘உண்டியல்ல போட்டுட்டேன், சாயங்காலம் வரும்’ என்றால் போதும். அதற்கு ஒரு பத்து ரூபாய் நோட்டுதான் ரசீது. வீட்டில் இருப்பவர் தன் கையிலுள்ள பத்து ரூபாய் நோட்டின் எண்ணைப் போனில் படிப்பார். மகன் அதை அங்கே தரகரிடம் சொல்வார். இங்கே ஒருவன் மோட்டார் சைக்கிளில் வருவான், நோட்டை வாங்கி எண்ணை ஒத்துப்பார்ப்பான், கட்டைக் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சாட்சியும் போயிற்று, ரசீதும் போயிற்று.

ஆனால் அம்மாவுக்குப் பார்வை குறைவு. போனில் பார்த்துப் படிக்க வராது என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு முன்கூட்டியே எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதச் சொல்லி வைத்திருந்தார். கிழித்த தாள்களை எறியவும் மனம் வரவில்லை. சாமி படத் தாள் ஆயிற்றே. சோதனைக்கு வந்தவர்கள் பூஜை அலமாரிக்குப் பின்னால் பதினோரு தாள் எடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் தேதி, முருகன் அல்லது பிள்ளையார், பின்பக்கம் ஒரு நோட்டு எண். சிங்கப்பூரில் நடந்த குற்றத்தைச் சிவகங்கைக்குக் கொண்டுவந்து கட்டிப்போட்டது அந்தப் பதினோரு காலண்டர் தாள்கள்தான். பிறகு வழக்கில் அவை சான்றாவணம் ஆயின.

எல்லாவற்றையும் கூட்டினால் இந்தியாவுக்கு வந்தது 38 லட்சம். மீதி அங்கேயே சூதாட்டத்திலும் வாடகையிலும் கரைந்துவிட்டது. 2022 ஜூலை 27-இல் விஜய் மதன்லால் சௌத்ரி தீர்ப்பு வந்து, 45-ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. குற்றவாளி அல்ல என்று நம்ப இடமிருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்யமாட்டார் என்று நீதிமன்றமே திருப்திப்பட்டால்தான் ஜாமீன். அதற்கடுத்த மாதம் மகனைக் கைது செய்தார்கள். பி.எம்.எல்.ஏ. வக்கீல்கள் எல்லோரும் முகம் தொங்கிப்போயிருந்த சமயம்.

ஆனால் அதே பிரிவில், தொகை ஒரு கோடிக்குக் குறைவென்றால் நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று 2018-இல் ஒரு வாசகம் சேர்த்திருந்தார்கள். அமலாக்கத்துறை 1.3 கோடி என்றது. நான் எழுந்து சொன்னது இவ்வளவே: ‘பணத்தை இந்தியாவுக்கு மாற்றினால்’ என்பதில்தான் இந்த நீதிமன்றத்தின் அதிகாரமே பிறக்கிறது. வந்தது 38 லட்சம். வராத பணத்தை அங்கேயே செலவழித்தது சிங்கப்பூருக்கும் அவருக்கும் உள்ள கணக்கு, அது தீர்ந்துவிட்டது. உங்கள் எல்லைக்குள் வராத பணத்தை உங்கள் குற்றப்பத்திரிகையில் கூட்டாதீர்கள். அன்று கண்ணாடியை யாரும் கழற்றவில்லை. மூன்றாம் வாய்தாவில் ஜாமீன் கிடைத்தது.

இளைய வக்கீல்கள் என்னிடம் வந்து “சார், வெளிநாட்டு மேட்டர், ஜூரிஸ்டிக்ஷன்ல அடிச்சுடலாம்” என்பார்கள். அடிக்க முடியாது. எல்லை வாதத்தால் வழக்கைத் தூக்கியெறிய முடிந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வழக்கைச் சுருக்க முடிந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தியாவுக்குள்ளேயே எந்த ஊர்க் கோர்ட் என்ற சண்டையும் இப்படித்தான். 2023 பிப்ரவரியில் ராணா அயூப் வழக்கில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இருந்த அமர்வு, 3-ஆம் பிரிவின் ஆறு காரியங்களில் ஏதாவது ஒன்று எங்கே நடந்தாலும் அந்தப் பகுதியின் சிறப்பு நீதிமன்றம் விசாரிக்கலாம், அது சாட்சியத்தை வைத்து அங்கேயே முடிவாக வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டது. சாட்சியம் என்று வந்துவிட்டால் முதல் நாளே ஜெயிக்கும் ஆசையை மூட்டை கட்டிவைக்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுச் சாட்சியம் எப்படி வருகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். விசாரணை அதிகாரி 57-ஆம் பிரிவில் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடுவார். நீதிமன்றம் வேண்டுகோள் கடிதம் எழுதும், நாங்கள் எல்.ஆர். என்போம். அது டெல்லிக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் போகும். இரு நாட்டுக்கும் 2005-இல் கையெழுத்தான பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் இருக்கிறது. அது இல்லாத நாடு என்றால் இன்னும் சுற்று. எங்கள் வழக்கில் பதில் வர இரண்டே கால் வருஷம் ஆனது. அரக்கு முத்திரையோடு ஒரு கட்டு: வங்கிக் கணக்கு விவரம், தீர்ப்பு நகல், ஒப்புதல் வாக்குமூலம்.

கட்டு வந்ததாலேயே நிரூபணமாகிவிடாது. கணினியில் எடுத்த கணக்கு என்றால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். எங்கள் கட்டில் சான்றிதழ் இருந்தது; அது எந்தப் பக்கங்களுக்கு என்று எழுதியிருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க வங்கி அதிகாரி ஒருவரைக் காணொலியில் விசாரித்தார்கள். பிரபுல் தேசாய் வழக்கில் அமெரிக்க டாக்டர் ஒருவரைக் காணொலியில் விசாரிக்கலாம் என்று 2003-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்ன வழி அது. இங்கே பத்தரைக்குக் கோர்ட் கூடும்போது அங்கே மணி பிற்பகல் ஒன்று. அரசுத் தரப்பின் நான்காம் சாட்சியான அந்த அதிகாரி சாப்பாட்டு வேளையில் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். நான் குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு பக்க எண்ணாகக் கேட்கக் கேட்க, மனுஷன் பொறுமையாகவே பதில் சொன்னார். பதினான்கு பக்கத்துக்குத் தன் சான்றிதழ் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பதினான்கில் வங்கி வழியாக வந்ததாகச் சொன்ன ஆறு லட்சம் இருந்தது.

தீர்ப்பு நகல் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஒரு கோர்ட் தண்டித்தது என்பது ஒன்று. அந்தத் தீர்ப்பில் சொன்னதெல்லாம் உண்மை என்று இன்னொரு கோர்ட் அப்படியே ஏற்பது வேறு. சாட்சியச் சட்டம் பிற வழக்குத் தீர்ப்புகளை அவ்வளவு சுலபமாக உள்ளே விடுவதில்லை. இறுதி வாதத்துக்கு இதைத்தான் வைத்திருக்கிறேன்.

சில சமயம் துபாயிலிருந்து போன் வரும். “அண்ணே, இங்கன ஒரு பிரச்சினை. ஊருக்குப் பைசா அனுப்பல, இங்கேயே ஃபிளாட் வாங்கிட்டேன். அங்க கேஸ் வருமா?” பணம் இந்தியாவைத் தொடாதவரை 2-ஆம் பிரிவின் அந்தக் கதவு திறக்காது என்பது என் கருத்து. ஆனால் மத்திய அரசின் அனுமதி வாங்கிக்கொண்டு மூலக் குற்றத்துக்கு இங்கே வழக்குப் போடலாம். அங்கே துபாய்ப் போலீஸும் இருக்கிறது. அதோடு பணம் டாலராக மாறியிருந்தால் இன்னொரு வில்லங்கம். டாலர் பரிமாற்றம் பெரும்பாலும் நியூயார்க் வங்கி ஒன்றைத் தொட்டுத்தான் போகும். செயலில் ஒரு பகுதி அமெரிக்காவில் நடந்து, தொகை 10,000 டாலரைத் தாண்டினால், அந்நியனையும் விசாரிக்க அவர்கள் சட்டத்தில் இடமிருக்கிறது. இங்கிலாந்தில் 2014-இல் ரோஜர்ஸ் வழக்கில், ஏமாந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு ஸ்பெயினில். ஸ்பெயினில் இருந்தவனை இங்கிலாந்தில் தண்டித்தது சரியென்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் சொன்னால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, “சரிண்ணே, அப்புறம் கூப்பிடுறேன்.” கூப்பிட்டவர் யாரும் இல்லை.

இனி அம்மாவின் வீடு. கீழ் வீடு 1991-இல் அவர் கணவர், பள்ளி வாத்தியார், ஓய்வு பெற்ற பணத்தில் கட்டியது. மனை அம்மாவின் பெயரில். மாடி 2013-இல் எழுந்தது, மகன் அனுப்பிய பணத்தில். மஞ்சள் பையில் கொண்டுவந்த பென்ஷன் புத்தகமும் பழைய வீட்டு வரி ரசீதும் அன்று எனக்குக் குப்பை மாதிரித் தெரிந்தன. கடைசியில் அவைதான் கை கொடுத்தன. டெல்லியில் தீர்ப்பு ஆணையம் வீடு முழுவதையும் முடக்கியதை உறுதிசெய்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ரசீதுகளை வரிசையாக வைத்தோம். 1991-இல் மகனுக்கு வயது ஒன்பது. சிங்கப்பூர் எந்தத் திசை என்றே தெரிந்திருக்காது. தீர்ப்பாயம் கீழ் வீட்டை விடுவித்து, முடக்கத்தை மாடியோடு நிறுத்தியது.

உத்தரவைப் படித்துச் சொன்னபோது அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். 2019-இல் கேட்ட கேள்விக்கும் அன்றுதான் பதில் சொன்னேன்: அவன் செய்தது அங்கே, பணம் குடியிருந்தது இங்கே, அதனால்தான் நோட்டீஸும் இங்கே வந்தது. அவருக்கு அதில் இப்போது அக்கறை இல்லை. வேறொரு கேள்வி வைத்திருந்தார். மாடிக்குப் போகும் படி வெளியில் இல்லை. கீழ் வீட்டுக் கூடத்துக்குள்ளிருந்துதான் ஏறுகிறது. மாடியோடு சேர்த்து 2013-இல் கட்டியதுதான். படிக்குக் கீழேதான் அவர் கட்டில்.

பதினேழு படிகள். அவை விடுவித்த பாகமா, முடக்கிய பாகமா என்று உத்தரவில் ஒரு வரியும் இல்லை. விளக்கம் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். இன்னும் நம்பர் ஆகவில்லை.